அவனைத்தான் பாஸ் என்றார்கள்

பண்டத்தரிப்புச் சந்தியில் ஒரு தேத்தண்ணீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“பாஸ், கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ.”

வேறு யாரையோ சொல்லுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத் தவிர அங்கே ஒரு மாடு மட்டுந்தான் நின்றது.

“உங்களைத்தான் பாஸ்.”

ஓரமாக அரக்கி நின்றேன். அவன் உள்ளே போய் வடை எடுத்துக் கொடுக்கிறவனையும் பாஸ் என்றான், காசு வாங்குகிறவனையும் பாஸ் என்றான். திரும்பி வெளியே வந்தபோது மாடு அவனுடைய வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றது. “பாஸ், விலகு பாஸ்” என்று அதன் முதுகில் தட்டினான்.

வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்காக மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். கடைசியில் அது மாட்டோடு சேர்த்து எனக்கும் கிடைத்தது.

எங்கள் பகுதிக் கட்டடத் தொழிலாளர் சங்கத்துப் பொடியன்கள் மலர் ஒன்று போடுகிறார்கள். பழைய மேசன்மாரின் அனுபவங்களும் வேண்டுமாம். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். கதைக்கிற மாதிரி எழுதினால் அச்சில் வடிவாக இராது என்று அவள் தன் தமிழில் திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். ஆனால் ஆட்கள் கதைத்ததைக் கதைத்தபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். செல்வரத்தினத்தின் கட்டுரையும் இந்த மலரில் வரும் என்று கேள்வி. எத்தனை பக்கம் என்று விசாரித்தேன். இன்னும் தெரியாது என்றார்கள். என்னுடையதைக் குறைக்காமல் போடவேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

செல்வரத்தினம் யார் என்று சொல்லவேண்டும். அதற்கு முன் முட்டாள் யார் என்று சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் மேசனுக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு முட்டாள் என்று பெயர். அது ஏச்சு இல்லை, வேலைப் பெயர். கலியாணம் பேச வந்த இடத்தில் “மாப்பிள்ளை என்ன செய்யிறார்?” என்று கேட்டால் “மேசனுக்கு முட்டாளா நிக்கிறார்” என்று கூசாமல் சொல்லுவார்கள். நானும் செல்வரத்தினமும் கந்தையா மேசனாருக்கு முட்டாளாக நின்றோம். ஒரே ஊர், ஒரே வயது. பள்ளிக்கூடத்திலிருந்து அவன் என்னைவிட இரண்டு வகுப்புப் பிந்தி விலகினான். அதனால் அவனுக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் பொறாமை வேறு, அதை இங்கே எடுக்கவில்லை.

மேசனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. மெலிந்த ஆள், வெற்றிலை போடுகிற ஆள், அதிகம் கதைக்கமாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அவர் வைத்த பெயர் “டேய்” தான். எந்த டேய் யாருக்கு என்பது அவர் பார்க்கிற திசையில் தெரியும். நாங்கள் கட்டிய சுவரைக் கிட்ட வந்து பார்க்கமாட்டார். தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிழை இருந்தால் பிழை என்று சொல்லமாட்டார். தோளில் கிடக்கிற துவாயை எடுத்துச் சுவரில் ஒரு இடத்தில் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போவார். அவர் திரும்பி வரும்போது துவாய் கிடந்த வரிசை வரைக்கும் சுவர் கழற்றப்பட்டிருக்கவேண்டும். கழற்றியிருந்தால் துவாயை எடுத்து உதறித் தோளில் போடுவார். அவ்வளவுதான். நல்லது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

துவாய் எங்கள் இரண்டு பேரின் சுவரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விழுந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. குறை நூலில் வந்தது.

புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிற அன்று முதலில் நூல் பிடிக்கவேண்டும். ஒரு நுனி மேசன் கையில். மற்ற நுனியைப் பிடிக்கிறவன் அசையாமல் நிற்கவேண்டும். அவன் கை ஒரு விரல் அகலம் நகர்ந்தால் வீடே கோணும். மூலைக்கு மட்டம் பார்க்க ஒரு பக்கம் மூன்று முழம், மறு பக்கம் நான்கு முழம் அளந்து, குறுக்கே ஐந்து முழம் வருகிறதா என்று பார்ப்பார். அதுவரைக்கும் அந்த நுனியைப் பிடிக்கிற ஆளுக்கு மூச்சுவிடவும் பயமாக இருக்கும். ஒருநாள் மேசனார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு நுனியைச் செல்வரத்தினத்திடம் கொடுத்தார். என்னைத் தண்ணீர் அள்ளப் போகச் சொன்னார். கிணற்றடியில் நின்று நான் நினைத்தது இதுதான்: அவன் கை நடுங்கவேணும். நடுங்கவில்லை. அந்த வீடு இன்றைக்கும் சதுரமாகத்தான் நிற்கிறது. அந்த வழியால் நான் அதிகம் போவதில்லை.

பிறகு இரண்டு பேரும் மேசன் ஆனோம். நான் ஊரில் நின்றேன். அவன் குருநாகல் பக்கம் வேலைக்குப் போனான். சில வருடம் அங்கே நின்றான். கலவரம் என்று எல்லாரும் ஓடிவந்த நேரம் அவனும் வந்தான். அவன் கொண்டுவந்தது ஒரு பையும் ஒரு சொல்லும்.

சிங்களப் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த ஆளைப் பாஸ் என்பார்கள். மேசனும் பாஸ், தச்சனும் பாஸ். மரியாதையாகச் சொன்னால் பாஸ் உன்னஹே. அவன் வந்த புதிதில் வேலை இடத்தில் “எங்கடை பாஸ் இப்பிடிச் செய்யமாட்டார், எங்கடை பாஸ் அப்பிடிச் செய்வார்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ ஒருவன் பகிடிக்கு, “பாஸ் எண்டா ஆரடா? நீதான் பாஸோ?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அந்தப் பெயர் அவனுடைய முதுகில் ஒட்டிக்கொண்டது. முதலில் பகிடி, பிறகு பட்டம். பிறகு பகிடியை எல்லோரும் மறந்துபோனார்கள், பட்டம் மட்டும் மிஞ்சியது. எங்கள் பகுதியில் மேசன்மார் பலர், பாஸ் ஒருவன். வீடு கட்ட வருகிறவன் முதலில் “பாஸ் வருவாரோ?” என்று கேட்பான். வராவிட்டால்தான் “அப்ப தம்பிராசா மேசனைக் கேட்பம்” என்பான். தம்பிராசா மேசன் நான்தான்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் “உபயகாரர் செல்வரத்தினம் பாஸ் அவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும்” என்பார்கள். நான் உபயம் செய்த வருடம் “தம்பிராசா” என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் ஊரில் தம்பிராசா பலர். மூன்று பேர் மேடைக்குப் போனோம்.

என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சொல்லுகிறேன். மருமகள், இதை வெட்டாதே.

எங்கள் குசினியில் புகை மேலே போகாமல் உள்ளேயே நின்றது. ஒருநாள் மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, உந்தப் புகைக்கூட்டை ஒருக்கால் இடிச்சுக் கட்டவேணும். பாஸைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோவன்.”

“ஆரை?”

“செல்வரத்தினம் பாஸைத்தான்.”

“அப்ப நான் ஆர்?”

“நீங்கள் நீங்கள்தான். உங்களுக்கு நேரமெங்கை?”

அன்று நான் போகவேண்டிய வேலைக்குப் போகவில்லை. பழைய கூட்டை இடித்தேன். அடுப்புக்கு மேலே வாயை அகலமாக எடுத்து, மேலே போகப்போக ஒடுக்கி, கூரைக்கு மேலே நன்றாக உயர்த்தி, மழை விழாமல் தொப்பியும் வைத்தேன். பொழுதுபட மனுசி அடுப்பு மூட்டினாள். புகை ஒரு சொட்டும் உள்ளே நிற்காமல் நேரே போனது. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“நல்லா இழுக்குது. பாஸ் கட்டினது மாதிரியே கிடக்கு.”

அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

சண்டைக் காலத்தில் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்து கண்ட கண்ட இடங்களில் இருந்தோம். அந்தக் காலத்தில் பாஸ் என்றால் வேறு. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகப் பாஸ் எடுக்கவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோதனையில் பாஸ் என்று ஒன்று. தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று மருமகள் சொல்லுகிறாள். எனக்கு மூன்றில் ஒன்றும் சரியாகக் கிடைக்கவில்லை என்று எழுது என்றேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கட்டட வேலை மழை போலக் கொட்டியது. எல்லோருக்கும் இடிந்த வீடு. செல்வரத்தினம் இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கொந்தராத்து எடுத்தான். இப்போது அவன் கரண்டியைத் தொடுவதில்லை. சேட்டுப் பொக்கற்றில் பென்சில், கையில் போன். வெயிலுக்குத் தொப்பி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். பாஸ் என்ற சொல் அப்படியே இருந்தது, அதற்குள் இருந்த ஆள் மாறிவிட்டான். ஆனாலும் அவனைத்தான் பாஸ் என்றார்கள்.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன். சொல்லவேண்டிய வேலை என்றால் அது ஒன்றுதான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழைய தேவாலயம் ஒன்று. பெயர் வேண்டாம். அதன் வாசலில் வெள்ளைக்கல்லால் கட்டிய ஒரு வளைவு இருந்தது. சண்டையில் செல் விழுந்து வளைவு போய்விட்டது, இரண்டு பக்கத் தூண்களும் நின்றன. விழுந்த கற்களை ஞானமுத்து மாஸ்டர் ஒன்றும் விடாமல் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தார். அவர் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், திருப்பணிக்கு அவர்தான் பொறுப்பு. கொங்கிறீட்டில் வளைத்துப் பூசிவிட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்று செல்வரத்தினம் சொன்னான். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கல், பழைய சுண்ணாம்பு, பழைய முறை. சீமெந்து கல்லைவிட இறுகிப்போகும், பிறகு கல்தான் வெடிக்கும் என்று அவர் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். சரி என்று கொந்தராத்தைச் செல்வரத்தினம் எடுத்தான். மாஸ்டர் ஒரு நிபந்தனை வைத்தார்.

“பாஸ், நீர் கை வைக்கவேணும். நிண்டு பாக்க நான் இருக்கிறன்.”

அப்படிப்பட்ட வளைவுக்கு இரண்டு மேசன் வேண்டும். ஒரு பக்கத்தால் ஒருவன், மறு பக்கத்தால் ஒருவன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் அப்போதே குறைவு. செல்வரத்தினம் என் வீட்டுப் படலையில் வந்து நின்றான்.

“மச்சான், உன்னை விட்டா எனக்கு ஆளில்லை.”

அந்த வார்த்தைக்காகத்தான் போனேன்.

சுண்ணாம்பைக் குழியில் நீற்றி ஊறவிட்டோம். ஊறின சுண்ணாம்பை அரித்து, மணலையும் அரித்து, பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தோம். தச்சன் பலகையால் பெரிய வில் ஒன்று அடித்துக் கொடுத்தான். வளைவு தன் காலில் நிற்கும் வரைக்கும் அந்த மரவில்தான் கல்லைச் சுமக்கும். வில்லுக்குக் கீழே முண்டுகொடுத்த மரங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் இரண்டு ஆப்பு, எதிரும் புதிருமாக. ஆப்பைத் தட்டினால் வில் உயரும், இழுத்தால் இறங்கும். கல் ஒவ்வொன்றையும் நனைத்துத்தான் வைக்கவேண்டும். காய்ந்த கல் சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

முக்கியமான விசயம், இரண்டு பக்கமும் ஒரேயளவாக ஏறவேண்டும். நான் ஒரு கல் வைத்தால் அவன் ஒரு கல் வைக்கவேண்டும். ஒருவன் முந்தினால் வில் மற்றப் பக்கம் சரியும். வாழ்நாளில் முதல்தடவையாக அவனை முந்த எனக்கு அனுமதி இல்லை. அவனுக்கும் இல்லை. நான் என் கல்லைவிட அவன் கல்லைத்தான் அதிகம் பார்த்தேன். பல வருடம் கரண்டி தொடாத கை, பிழைவிடும் என்று காத்திருந்தேன். முதல்நாள் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாம் நாள் பழைய கை திரும்பி வந்துவிட்டது.

கடைசியில் நடு உச்சியில் ஒரு கல் வரும். மேலே அகன்று கீழே ஒடுங்கின கல், ஆப்பு மாதிரி இறங்கி இரண்டு பக்கத்தையும் இறுக்கும். நாங்கள் அதை ஆப்புக்கல் என்றோம். அதை வைக்கிறவன்தான் வளைவைக் கட்டினவன். மற்றவன் உதவிக்கு நின்றவன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் அது மட்டுந்தான் மனதில் இருந்தது.

அந்தக் கல் வைக்கிற அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேம்புக்குக் கீழே இருந்தோம். மாஸ்டர் கதிரையில் இருந்தார். அங்கே நின்ற ரவி என்ற முட்டாள் கேட்டான்.

“மாஸ்டர், பாஸ் எண்டது சிங்களமோ, இங்கிலிசோ?”

மாஸ்டருக்குச் சொல் என்றால் அல்வா.

“ரண்டுமில்லை, ரண்டுந்தான். ஒல்லாந்தன்ரை சொல் அது. வேலைக்காரருக்குத் தலைவனா நிக்கிற கைகாரனை அவன் பாஸ் எண்டு சொன்னவன். இஞ்சை வந்து கோட்டை கட்டேக்கை அந்தச் சொல்லையும் விட்டிட்டுப் போனவன். அதே ஒல்லாந்தன் அமெரிக்காவிலையும் போய் இருந்தவன். அங்கை கூலிக்கு வேலை செய்தவனுக்கு முதலாளியை மாஸ்டர் எண்டு கூப்பிட விருப்பமில்லை.”

“ஏன் மாஸ்டர்?”

“அடிமையள் கூப்பிடுற சொல் எண்டு. நான் ஒருத்தனுக்கும் அடிமையில்லை எண்டு காட்ட ஒல்லாந்தன்ரை சொல்லை எடுத்துக்கொண்டினம். அதுதான் இங்கிலிசிலை பொஸ் எண்டு வந்தது. ஒரே வயித்திலை பிறந்த ரண்டு பிள்ளையள். இஞ்சை இருந்த பிள்ளை கையாலை வேலை செய்யிறவனோடை நிண்டிட்டுது. அங்கை போன பிள்ளை வேலை செய்யாமல் நிண்டு பாக்கிறவனிட்டைப் போட்டுது. இப்ப ரண்டும் ஒரே சந்தியிலை வந்து நிக்குது.”

“அதுக்கு முன்னம் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?”

“அது ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. மாமன் எண்ட மாதிரி ஒரு முறைச் சொல்லா இருந்திருக்கலாம் எண்டு சிலர் சொல்லுகினம். வேறை ஆக்கள் அதை ஒத்துக்கொள்ளுகினமில்லை.”

எனக்கு நாக்கு நிற்கவில்லை.

“அப்ப எங்கடை செல்வரத்தினம் ஒல்லாந்துப் பாஸாப் போய் அமெரிக்கன் பாஸா வந்திட்டான் எண்டு சொல்லுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். செல்வரத்தினம் வாய் கொப்புளித்துத் துப்பிவிட்டு எழும்பினான்.

“நான் எந்தப் பாஸாவது இருக்கட்டும். நீ இன்னும் முட்டாள்தானே மச்சான்.”

இந்தச் சிரிப்பு முந்தின சிரிப்பைவிடப் பெரிது. எங்கள் ஊரில் அது ஏச்சு இல்லை என்று மேலே சொன்னேன். அன்றைக்கு அது ஏச்சுத்தான்.

“ஆப்புக்கல்லை நான் வைக்கிறன்” என்றான் அவன். “பேர் எனக்குத்தானே.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் பக்கத்துக்குப் போனேன்.

அவன் கல்லை இறக்கி மரச்சுத்தியலால் தட்டினான். பாதி இறங்கி நின்றுவிட்டது. அந்த இடத்தில் பொறுக்கவேண்டும். கல்லை எடுத்து, விளிம்பை ஒரு நூலளவு கொத்தி, திரும்ப வைக்கவேண்டும். அவன் பொறுக்கவில்லை, ஓங்கி அடித்தான். அவன் பக்கத்து முண்டுமரம் நின்ற இடம் செம்மண். கல் நனைத்த தண்ணீர் எல்லாம் அங்கேதான் வடிந்திருந்தது. அடித்த அடியில் மரம் மண்ணுக்குள் இறங்கியது. வில் அவன் பக்கம் தாழ்ந்தது. உச்சிக்குப் பக்கத்தில் இருந்த கல் ஒன்று கழன்று வழுக்கியது. அவன் தோளைக் கொடுத்துவிட்டான். அதை விட்டால் அதன் பின்னால் மற்றக் கற்களும் வரும், எல்லாம் அவன் தலையில்தான் வரும்.

அப்போதுதான் அவன் கத்தினான்.

“பாஸ்! பாஸ்! அல்லாண்ட, பாஸ்!”

அல்லாண்ட என்றால் சிங்களத்தில் பிடியுங்கோ. பிடி இல்லை, பிடியுங்கோ. நான் எப்படி அந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. வில்லுக்குக் கீழே புகுந்து என் முதுகைக் கொடுத்தேன். “ரவி, மரத்துக்குக் கீழை பலகையை வை, ஆப்பை அடி, ரண்டு பக்கத்தாலையும் அடி” என்று கத்தினேன். அவன் அடித்தான். வில் மயிரிழை மயிரிழையாக உயர்ந்தது. கல் செல்வரத்தினத்தின் தோளை விட்டுத் தன் இடத்துக்குப் போனது.

அவனுக்குத் தோள் வீங்கிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. முண்டுமரங்கள் எல்லாவற்றுக்கும் கீழே கல் பரப்பி, வில்லைத் திரும்ப மட்டம் பார்த்து, ஆப்புக்கல்லைக் கழற்றி விளிம்பு கொத்தி, நான்தான் வைத்தேன். கடைசித் தட்டில் அது இறுகுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். அதைச் செல்வரத்தினமும் கேட்டான். கீழே இருந்தபடி தலையை ஒருக்கால் ஆட்டினான்.

திறப்பு விழாவில் மாஸ்டர் நன்றி சொன்னார். “செல்வரத்தினம் பாஸுக்கும் அவருடைய ஆட்களுக்கும்” என்றார். நான் அவருடைய ஆட்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆனாலும் அன்று நான் வீட்டுக்குப் போய் வடிவாகச் சாப்பிட்டேன். ஊர் முழுவதும் பாஸ் என்று கூப்பிடுகிற அந்த ஆள், உயிர் போகிற நேரத்தில் என்னைப் பாஸ் என்று கூப்பிட்டான். அதுவும் பன்மையில். ஒருவருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. வாயில் போட்ட கற்கண்டு மாதிரி வைத்திருந்தேன். அவன் புது வான் வாங்கியபோதும், மேல்மாடி எடுத்தபோதும், அதை ஒருக்கால் நாக்கில் புரட்டிக்கொள்வேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

இப்போது அவன் கொடிகாமத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். இடுப்பு முறிந்து நடக்கமாட்டான், வாசிக்க எழுதக் கண்ணும் விடாது. இந்தக் கட்டுரைக்காக அந்தக் கூப்பாட்டை அவன் வாயால் ஒருக்கால் கேட்டுவிடவேண்டும் என்று பஸ் ஏறிப் போனேன்.

“வா மச்சான், இரு. கட்டுரை குடுத்திட்டியோ?”

“குடுக்கப்போறன். உன்ரை எத்தினை பக்கம்?”

“மகள் எழுதிறாள். நான் எண்ணேல்லை.”

தேத்தண்ணீர் வந்தது. குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன்.

“அண்டைக்கு வளைவிலை கல்லுக் கழரேக்கை என்னை என்னெண்டு கூப்பிட்டனி, ஞாபகமிருக்கோ?”

“உன்னையோ?”

“பாஸ் எண்டு கூப்பிட்டனி. அல்லாண்ட எண்டும் சொன்னனி. மரியாதையா.”

அவன் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அது பியசேன பாஸையடா. குருநாகலிலை நான் வேலை பழகின மனுசன். ஒருக்கால் சுவர் சரியேக்கை என்ரை தலைமயிரிலை பிடிச்சு இழுத்து எடுத்தவர். அதுக்குப் பிறகு எனக்கு எங்கை எது விழுந்தாலும் வாயிலை அந்தாள்தான் வாறார். கலவர நேரம் பஸ் ஏத்தி விட்டவரும் அவர்தான். அதுக்குப் பேந்து அவரைக் காணேல்லை.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஊரிலை நீங்கள் என்னைப் பாஸ் எண்டு கூப்பிடேக்கையெல்லாம் எனக்குப் பின்னாலை அவர் நிக்கிறார் எண்டுதான் முதல்லை நினைப்பன். ஒருநாளும் அந்தப் பேர் எனக்கு அளவா இருந்ததில்லை மச்சான். இன்னொருத்தன்ரை சேட்டைப் போட்டமாதிரி.”

“அப்ப வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா உனக்கெல்லோ தந்திருப்பாங்கள்.”

இப்போது சிரித்தான். இடுப்பு நோக, பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமும் நான் சப்பிக்கொண்டிருந்த கற்கண்டு எவரோ ஒரு பியசேனவுடையது. முகம் தெரியாத அந்த மனுசனிலும் அன்றிலிருந்து எனக்கு எரிச்சல்.

நான் எழும்பினேன். அவன் விடவில்லை.

“பொறு. அந்தக் கல்லு உன்ரை பக்கத்திலை கழண்டிருந்தா நீ ஆரைக் கூப்பிட்டிருப்பாய்?”

“ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கமாட்டன்.”

“பொய் சொல்லாதை. தலைக்கு மேலை கல்லு. ஆரை?”

“பஸ் போகப்போகுது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கொடிகாமத்துச் சந்தியில் நின்று யோசித்தேன். கல் கழல்கிறது. யோசிக்க நேரமில்லை, வாய் தானாகத் திறக்கிறது. ஒரு பெயர்தான் வரும், அது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேசனார் இல்லை, கடவுளும் இல்லை. இந்த மலரை அவன் மகள் அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். அதனால் அந்தப் பெயரை எழுதவேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோசத்தையும் அவனுக்குக் கொடுக்க நான் ஆயத்தமில்லை.